மூன்று கிண்ணம் பாயசம்

வெல்டா ராஸ்முசனுக்கு நாக்கும் மூக்கும் ஒரே வாரத்தில் போய்விட்டன. முந்தின ஆண்டுக்கும் முந்தின குளிர்காலத்தில் வந்த காய்ச்சல், வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. போகிறபோது இந்த இரண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து காபி வெறும் வெந்நீர். ஆப்பிள் ஈர மரக்கட்டை. வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கடித்தால், பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் மெழுகு பூசிக் கொடுத்தாற்போல இருக்கும். மிளகாய் எரிவது தெரியும், ஐஸ்கிரீம் சில்லென்று இருப்பது தெரியும், மொறுமொறுப்பு தெரியும். அதற்கு மேல் அவள் வாய்க்கு எதுவும் தெரியாது.

ஆரம்பத்தில் இதை எல்லாரிடமும் சொன்னாள். அதுதான் தப்பாகப் போயிற்று. நன்றித் திருநாள் விருந்துக்குத் தங்கை வீட்டுக்குப் போனபோது, தங்கை கணவன் டுவேன் ஒரு வெங்காயத்தை உரித்து அவள் கையில் கொடுத்து, "ஆப்பிள்னு நெனச்சுக் கடிங்க, பாப்போம்" என்றான். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். வெல்டா கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் மாறவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். டுவேன் அடுத்ததாகக் கடுகு பாட்டிலைத் தேடிப் போனான். தங்கையோ அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "என் அக்காவுக்கு இப்படி ஆயிடுச்சே" என்று விசும்பினாள். வேடிக்கைப் பொருளாக இருப்பதா, பரிதாபப் பொருளாக இருப்பதா என்று வெல்டாவுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் வந்தபோது, "எல்லாம் திரும்பி வந்துடுச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

அவள் தனியாக இருந்தவள். கணவன் ஃபீனிக்ஸுக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ருசி தெரியாத வாய்க்கு யார் சமைப்பது? அடுப்பங்கரைத் தொட்டி அருகே நின்றபடியே நாலு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். உடம்பு இளைத்தது. வேலைக்குப் போட்டுப்போகும் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. பரிசோதித்த டாக்டரம்மா, "மருந்து ஒண்ணும் கெடையாது. நாலு பேரோட உக்காந்து சாப்பிடுங்க. சாப்பாட்டுல ருசி இல்லாட்டியும் பேச்சுலயாவது இருக்கும்" என்றாள். அந்த வாரமே லார்ச்வில் நூலகத்தின் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. சமையல் புத்தக மன்றம். மாதக் கடைசி வியாழன். ஆளுக்கு ஒரு பதார்த்தம்.

வெகுகாலமாக நடந்துவரும் அந்த மன்றத்தை இப்போது நடத்தியவள் ஷானா. நூலகத்துக்குப் புதிதாக வந்த பெண். எல்லாவற்றுக்கும் சந்தோஷப்படுகிற சுபாவம். மாதம் ஒரு சமையல் புத்தகத்தை அவள் தேர்ந்தெடுத்து மேசையில் வைப்பாள். ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துப் போய், வீட்டில் சமைத்து, நூலகத்தின் நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். சட்டம் இரண்டே. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி செய்ய வேண்டும்; 'எங்க வீட்டுல இப்படித்தான் பண்ணுவோம்' என்று கைவரிசை காட்டக் கூடாது. இரண்டாவது, மேசையில் உள்ள ஒவ்வொரு பதார்த்தத்தையும் பற்றி ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

முதல் சட்டத்தை எல்லாரும் அவ்வப்போது மீறினார்கள். இரண்டாவதை மீற வேண்டிய அவசியமே வரவில்லை. லார்ச்வில்காரர்களுக்கு மனிதர் மனம் நோகாமல் பேசுவது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். "மோசமில்ல" என்று சொன்னால் தேவாமிர்தம் என்று பொருள். "வித்தியாசமா இருக்கு" என்றால் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. "நெறையப் பண்ணியிருக்கீங்க போலிருக்கே" என்று ஒருவர் சொல்லிவிட்டால், சமைத்தவர் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிடலாம்.

வெல்டா சேர்ந்த ஜனவரி மாதத்துக்கு வட ஐரோப்பிய ரொட்டிகளையும் இனிப்புகளையும் பற்றிய ஒரு தடித்த புத்தகம். அவள் மெல்லிய கம்பு அப்பளம்போல வரும் ஒரு மொறுமொறு ரொட்டியைத் தேர்ந்தெடுத்தாள்; கடித்தால் சத்தமாவது கேட்குமே. உப்புப் போதுமா என்று அவளால் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு கரண்டியையும் கத்தியால் வழித்துச் சமமாக்கிப் போட்டாள். அன்று மாலை நிலவறையில் அவள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நொறுக்கிய ராய்ஸ், "மோசமில்ல" என்றான். ராய்ஸ் மாவட்டத்துக்காகப் பனி வாரும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மன்றத்தின் ஒரே ஆண்பிள்ளை. சமைப்பதைவிடச் சாப்பிடுவதில் ஊக்கம் உள்ளவன். அவன் இன்னொன்றை எடுத்ததும் வெல்டாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அப்போதுதான் ஆர்டிஸ் உள்ளே வந்தாள்.

ஆர்டிஸ் போகன் வருகிறாள் என்றால் அறையில் எல்லாரும் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். எண்பதை நெருங்கும் வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மனையியல் ஆசிரியையாக இருந்தவள். லார்ச்வில்லில் கத்தி பிடிக்கத் தெரிந்த பாதிப் பேருக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். "அளந்து போட்டவளுக்கு ருசி பாக்க வேண்டிய அவசியமில்ல" என்பது அவள் வகுப்பில் கரும்பலகையின் மேல் எப்போதும் எழுதியிருக்கும் வாசகம். தன் சமையலை அவள் மன்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. கொண்டு வந்து வைப்பாள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், மற்றவர் சொல்வதைக் கேட்பாள், மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

அன்று அவள் கொண்டு வந்தது பாதாம் போட்ட அரிசிப் பாயசம். பெரிய பீங்கான் சட்டி நிறைய, இளஞ்சூடாக.

ஷானா முதல் கரண்டியை வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு கண்ணை அகல விரித்து, "வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள் "ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்றாள். ராய்ஸ் ஒரு வாய் போட்டுவிட்டுக் கூரையை வெகுநேரம் பார்த்தான். "நெறையப் பண்ணியிருக்கீங்க போலிருக்கே" என்றான் கடைசியில், குரல் உடைந்து.

வெல்டாவின் முறை வந்தது. அவள் ஒரு கரண்டியை வாயில் இட்டாள். மெத்தென்று இருந்தது. சூடு இதமாக நெஞ்சுக்குள் இறங்கியது. குழைந்த அரிசி நாக்கில் உருண்டு உருண்டு கரைந்தது. வெளியே பனி அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மனிதர்கள் இருந்தார்கள். இத்தனை நாளில் அவள் வயிறு முதன்முறையாக இன்னும் வேண்டும் என்று கேட்டது. கிண்ணத்தைக் காலி செய்தாள். எழுந்து போய் இரண்டாவது கிண்ணம் எடுத்துவந்தாள். மூன்றாவதற்கு அவள் எழுந்தபோது அறையில் பேச்சே நின்றுபோயிற்று. அது தன் பெருந்தீனியைப் பார்த்து என்று நினைத்து வெட்கத்தோடு, "மோசமில்ல" என்று சொல்லி வைத்தாள்.

ஆர்டிஸ் கட்டியிருந்த கையை அவிழ்த்து அவளையே பார்த்தாள்.

வெல்டா ஊர்ப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். மறுநாள் காலை முதலில் வந்த நோயாளி, பெயரைச் சொல்ல மேசைமேல் குனிந்தவர், சட்டென்று பின்வாங்கிக் கதவோரமாக நின்று பெயரைச் சொன்னார். பல் சுத்தம் செய்யும் பெண், தெருவில் எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற அந்தக் குளிரில், ஒன்றும் பேசாமல் ஜன்னலைத் திறந்துவைத்தாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஓபெர்க் வெல்டாவை உள்ளே கூப்பிட்டார்.

"உக்காரு வெல்டா. வாயத் தொற."

"எனக்குப் பல் வலி ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"தொறயேன்."

சிறு கண்ணாடியை விட்டு மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். "ஈறு நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏமாற்றத்தோடு. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?"

"அரிசிப் பாயசம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. பாயசம்தான். மூணு கிண்ணம்."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "இந்த ஊர்ல எவ பூண்டு போட்டுப் பாயசம் பண்றா?"

வெல்டாவுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஷானாவின் விரிந்த கண்ணும், கூரையைப் பார்த்த ராய்ஸின் கழுத்தும், பேச்சு நின்றுபோன அறையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னே நின்றன. நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். டாக்டர் ஒரு பெரிய பாட்டில் வாய் கொப்பளிக்கும் மருந்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

ஆர்டிஸிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அந்தத் தீர்மானம் மதியம் வரை நிலைத்தது. மதியம் ஒரு கார் வந்து, பாதி நடைபாதையிலும் பாதி பனிக்குவியலிலுமாக ஏறி நின்றது. ஆர்டிஸ் இறங்கி வந்து கதவை ஒருக்களித்துத் திறந்து, "கோட்டப் போட்டுக்கிட்டு வெளிய வா" என்றாள்.

காரில் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உடனே ஒரு விரற்கடை இறக்கியும் விட்டாள்.

"வீட்டுக்குப் போய் அந்தப் பாயசத்துல ஒரு வாய் வெச்சேன்" என்றாள். "பாதாம் பொடின்னு நெனச்சுப் பூண்டுப் பொடியப் போட்டிருக்கேன். ஒரு கப்பு நெறைய. நேத்து மூக்கடைப்பு வேற, வாசனையே தெரியல."

"ஆர்டிஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

"பேசாதே. நான் முடிச்சுடறேன். அத்தன பேரும் ஒரு கரண்டியோட ஒதுங்கிட்டாங்க. நீ மூணு கிண்ணம் சாப்பிட்டே. எதுக்காகச் சாப்பிட்டேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. என் மானம் போகக் கூடாதுன்னு சாப்பிட்டே. இந்த ஊர்ல எனக்காக எவளும் அப்படி ஒரு காரியம் பண்ணினதில்ல. என் கூடப் பொறந்தவகூட பண்ணமாட்டா."

வெல்டா வாயைத் திறந்தாள். ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியதைப் பார்த்ததும் வெல்டா வாயை மூடிக்கொண்டாள்.

"கண்ணுல புரை" என்றாள் ஆர்டிஸ், ஜன்னலிடம் சொல்வதுபோல. "ரெண்டு கண்ணுலயும். டப்பாவுல எழுதியிருக்கறது எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. அறுவை பண்ணணும்கறாங்க. கண்ணுல கத்தி வெக்க விடமாட்டேன்னு சொல்லிட்டேன். இது உன்னோட இருக்கட்டும்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா வண்டி ஓட்டறீங்களே."

"ஊர் எனக்கு மனப்பாடம்." அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அடுத்த மாசம் சூப்புப் புத்தகம். மீன் சூப்பு என்னோடது. சனிக்கிழமை சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. நான் பண்றேன், நீ ருசி பாத்துச் சொல்லு. ஆனா ஒரு நிபந்தனை. கருணையெல்லாம் ஒரு தடவை போதும். இனிமே எங்கிட்ட நீ உண்மையத்தான் சொல்லணும்."

வெல்டா சரி என்று தலையாட்டினாள். வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய பொய்யை அவள் தலையால் சொன்னதில்லை.

சனிக்கிழமைகள் அவள் பயந்த மாதிரி இல்லை. ஆர்டிஸின் அடுக்களை வெதுவெதுப்பாக இருந்தது. மசாலா டப்பாக்களை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் வெல்டா ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கப் படிப்பாள்; ஆர்டிஸ் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோல "ம்" கொட்டுவாள். பிறகு சோதனை. அங்கே வெல்டா ஒரு வித்தையைக் கண்டுபிடித்தாள். கிண்ணத்தைப் பார்க்காமல் ஆர்டிஸின் முகத்தைப் பார்த்தால் போதும்.

"இதுவா, அதுவா?" என்று இரண்டு கிண்ணங்களை நீட்டுவாள் ஆர்டிஸ்.

"இது" என்று ஒன்றைத் தொடுவாள் வெல்டா. ஆர்டிஸின் புருவம் ஏறினால், "இது வேண்டாம்னு சொல்ல வந்தேன்" என்று முடிப்பாள்.

"அதே. நானும் அதத்தான் நெனச்சேன். ஏன்னு சொல்லு பாப்போம்."

"இது கொஞ்சம்... முந்திக்கிட்டு நிக்குது."

"சோம்பு."

"ஆமா, சோம்பு."

"உனக்கு நல்ல நாக்கு" என்பாள் ஆர்டிஸ். வெல்டா சூப்பைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

அதற்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆர்டிஸ் பழைய கதைகளை எடுத்துவிடுவாள். பள்ளி ஆய்வாளருக்கு வைத்திருந்த கேக்கை நாய் தின்றது, மாவட்டக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு கொடுத்த நடுவருடன் இன்றுவரை பேசாமல் இருப்பது. பேச்சு நீள நீளத் தட்டும் காலியாகும். பெல்ட்டில் போட்ட புது ஓட்டைக்கு மூன்றாவது வாரத்தோடு வேலை போயிற்று. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் காரை விட்டு இறங்கும்போது நினைப்பாள். திரும்பிக் காரில் ஏறும்போது அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

நான்காவது சனிக்கிழமை அடுப்பில் இரண்டு சட்டிகள் இருந்தன. பெரியதில் மீன் சூப்பு. ஆர்டிஸ் பின்கட்டில் எதையோ எடுக்கப் போனவள் அங்கிருந்தே, "சட்டியில இருந்து ஒரு கரண்டி எடுத்துப் பாத்து வை. உப்பு போதுமான்னு சொல்லு" என்றாள்.

வெல்டாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தது சின்னச் சட்டி. பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் விட்டாள். கொஞ்சம் கொழகொழப்பு, நடுநடுவே நார். ஆர்டிஸ் திரும்பி வந்தபோது அவள் இரண்டாவது கரண்டியில் இருந்தாள்.

"மோசமில்ல" என்றாள். "போன வாரத்தைவிடக் கெட்டியா இருக்கு. உப்பு இன்னும் ஒரு சிட்டிகை போடலாம்."

ஆர்டிஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு அருகில் வந்து பார்த்தாள். வெல்டாவை, அவள் கையிலிருந்த கரண்டியை, கரண்டி எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்பதை.

"அது ஹாரல்டுக்கு" என்றாள்.

ஹாரல்டு அவள் பூனை. அது ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, தன் சாப்பாட்டை இன்னொருத்தி சாப்பிடுவதைக் கவனித்துக்கொண்டிருந்தது.

"கோழி ஈரலும் மீன் தோலும் பூசணிக்காயும்" என்றாள் ஆர்டிஸ் நிதானமாக. "அந்த நாத்தத்துக்கு நானே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் கிண்டறேன். பூனை மேல உனக்கு என்ன கருணை?"

வெல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். அதன்பின் ஒளிக்க ஒன்றும் இல்லை. காய்ச்சலைச் சொன்னாள், வெங்காயத்தைச் சொன்னாள், காரில் சொல்ல வந்து சொல்லாமல் போனதைச் சொன்னாள். ஆர்டிஸ் நின்றபடியே கேட்டாள்.

"அப்போ அந்தப் பாயசம்?"

"மெத்துன்னு இருந்துச்சு. எனக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது."

"அப்போ என் மானம்?"



ஆர்டிஸ் அடுப்பை அணைத்தாள். கொக்கியிலிருந்து வெல்டாவின் கோட்டை எடுத்து, தூசி தட்டி, கைநுழைக்க வாகாக விரித்துப் பிடித்தாள். "இருட்டினா ரோடு வழுக்கும். நேரத்தோட கெளம்பு" என்றாள். லார்ச்வில்லில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது என்றால் இதுதான்.

மாதக் கடைசி வியாழன் வந்தது. நிலவறை மேசையில் சூப்புகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஆர்டிஸின் நாற்காலி காலியாக இருந்தது. வெல்டா கொண்டு வந்தது ஏதோ ஒரு காய்கறிச் சூப்பு; அது என்ன ருசி என்று வழக்கம்போல அவளுக்குத் தெரியாது. முதலில் ஷானாவின் பருப்புச் சூப்பு. "வித்தியாசமா இருக்கு" என்று ஆரம்பித்தது சுற்று. வெல்டாவிடம் வந்ததும் அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ருசி தெரியாது" என்றாள். "ரெண்டு வருஷமா. வாசனையும் தெரியாது. யாரும் பாவம் பாக்க வேண்டாம். வெங்காயத்தையும் கொண்டுவராதீங்க."

ஷானா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அந்தப் பூண்டுப் பாயசம்?" என்றான் ராய்ஸ்.

"நல்லா இருக்குன்னுதான் சாப்பிட்டேன்."

"நாங்க நீங்க ரொம்ப நல்லவங்கன்னு நெனச்சுட்டோம்" என்றாள் ஷானா, வருத்தத்தோடு. "எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன்."

"இல்லம்மா. அவ்வளவு நல்லவ இல்ல." வெல்டா கிண்ணத்தை முன்னே தள்ளினாள். "இப்ப எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. வித்தியாசமா இருக்குன்னு சொன்னா எனக்கு ஒண்ணும் புரியல. இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் தெரியாதவருக்கு வழி சொல்லும்போது பள்ளத்தை மேடு என்றா சொல்ல முடியும்? ராய்ஸ் தொண்டையைக் கனைத்தான்.

"உண்மையச் சொல்லணும்னா" என்றான், "மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி இருக்கில்ல, அதத் தின்னா எப்படி இருக்கும், அப்படி. அடியில கொஞ்சம் சோப்பு மாதிரி."

ஷானாவின் முகம் தொங்கிப்போனது. பிறகு அவள் தன் சூப்பை ஒரு வாய் குடித்தாள். "ஆமா" என்றாள். "சோப்பு கொத்தமல்லியாலதான். சரி, அப்போ உங்க சீஸ் சூப்பு எப்படின்னு நான் சொல்றேன். மதுக்கடை மேசையத் தொடச்ச துணியப் புழிஞ்ச மாதிரி இருக்கு."

"பீர் போடச் சொல்லித்தான் போட்டிருக்கு."

"இவ்வளவு போடச் சொல்லல."

அதன்பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. வெல்டாவுக்கு விளக்குகிறேன் பேர்வழி என்று ஆளுக்கொரு பக்கம் எழுந்து நின்று சொன்னார்கள். அவள் காய்கறிச் சூப்பு ஆஸ்பத்திரிக் கஞ்சிபோல இருக்கிறது என்றார்கள். ஒருத்தியின் தக்காளிச் சூப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ராய்ஸ் திண்டாடி, "கோடை விடுமுறையோட மொத நாள் காலைல மாதிரி" என்றான். சமைத்தவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தனை ஆண்டில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'மோசமில்ல'தான்.

இந்த இரைச்சலின் நடுவில் ஆர்டிஸ் சட்டியோடு உள்ளே வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்ததும் எல்லாரும் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் சட்டியை மேசையில் வைத்தாள். வெல்டாவைப் பார்க்கவில்லை. மீன் சூப்பு கைமாறிக் கைமாறிப் போயிற்று, எல்லாரும் ஒரு வாய் குடித்தார்கள், ஒருவரும் பேசவில்லை.

"வாசல்ல நின்னு கேட்டேன்" என்றாள் ஆர்டிஸ். "இப்ப என்ன வாயடைச்சுப் போச்சு? ராய்ஸ், எட்டாங்கிளாசுல நீ எங்கிட்டதானே படிச்சே. எந்திரிச்சு நின்னு சொல்லு."

ராய்ஸ் எழுந்து நின்றான். மார்புவரை தாடி வைத்த மனுஷன், கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"மீனு பதமா வெந்திருக்கு மிஸ்."

"அப்புறம்?"

"கிழங்கு குழையாம இருக்கு மிஸ்."

"அப்புறம்?"

அவன் வெல்டாவைப் பார்த்தான். அவள் உதவவில்லை. "இனிக்குது மிஸ்" என்றான். "கல்யாண கேக்கு மாதிரி இனிக்குது."

ஆர்டிஸ் ஒரு கரண்டியை எடுத்தாள். எல்லாரும் பார்க்க, தன் சமையலைத் தானே வாயில் வைத்தாள். விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

"உப்புன்னு நெனச்சுச் சர்க்கரையப் போட்டிருக்கேன்" என்றாள். "ரெண்டு டப்பாவும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. படிச்சுச் சொல்ல ஒரு ஆள் இருந்தா. அவள நானே அனுப்பிட்டேன்." நாற்காலியை இழுத்து வெல்டாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "உன்மேல எனக்கு இன்னும் கோவம்தான். தெரிஞ்சுக்கோ."

"தெரியும்."

"சனிக்கிழமை வரியா?"

"வரேன். கண்ணாசுபத்திரிக்கும் கூட்டிட்டுப் போறேன்."

"அதப் பத்தி யாரு பேசினா?"

"நான் பேசறேன். ஊர் உங்களுக்கு மனப்பாடம். நடந்து போறவங்களுக்கு உங்க கார் மனப்பாடம் இல்ல."

ராய்ஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தான். "நான் உக்காரலாமா மிஸ்?" என்றான்.

ஆர்டிஸ் இரண்டு சனிக்கிழமை முரண்டு பிடித்தாள். மூன்றாவது வாரம் வெல்டா பெருநகரத்துக்கு அவளைக் காரில் அழைத்துப் போனாள். முதலில் ஒரு கண், பனி உருகியபின் இன்னொன்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, ஆர்டிஸ் அடுக்களை நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்க யாரு குடியிருந்தது?" என்று கேட்டாள். சுவர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. மஞ்சள் என்று அவள் நினைத்திருந்த ஹாரல்டு நல்ல வெள்ளைப் பூனை. இருவரும் சேர்ந்து சாயங்காலம் வரை சுவரைத் தேய்த்தார்கள். தேய்க்கும்போது எந்தச் சோப்பு என்ன வாசனை என்று ஆர்டிஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். வெல்டா கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

மே மாதக் கூட்டத்துக்கு ஆர்டிஸ் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டும் நண்டும் சேர்த்த ஏதோ ஒரு வறுவல். அந்த மாதப் புத்தகம் கொஞ்சம் விபரீதமானது. சட்டியை வைத்துவிட்டு வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் கரண்டி ஷானாவின் வாய்க்குப் போயிற்று, அடுத்தது ராய்ஸுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. ஆர்டிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கட்டியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"இத்தன வருஷமா நீங்கள்லாம் இந்த மூஞ்சியத்தான் வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள்.

"இல்ல மிஸ்" என்றான் ராய்ஸ். "இது பாதிதான். உங்களுக்கு இப்பக் கண்ணு தெரியுதுன்னு அடக்கி வெச்சிருக்கோம்."

வெல்டா தன் தட்டில் அந்த வறுவலை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். நன்றாக மொறுமொறுவென்று இருந்தது.